ஆர் கேட்டது?

பல் வைத்தியர் ஒருவர் முதலில் கையைத்தான் பார்ப்பார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இவர் பார்த்தார். விழுந்து பல் உடைந்ததென்று யார் வந்தாலும், கதிரையில் சாய்த்து விளக்கை வாய்க்கு நேரே திருப்புவதற்கு முன், "ரெண்டு கையையும் விரிங்க" என்பார். உள்ளங்கைகளை ஒரு கணம் பார்ப்பார். பிறகுதான் வாய். இதனால் அவருக்குக் கைரேகையும் தெரியும் என்றொரு கதை கல்லடியில் பரவியிருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லில் கால்வாசியை இழந்த மீனவர் ஒருவர், சிராய்த்த கைகளை நீட்டிக்கொண்டே, "வெளிநாட்டுப் பயணம் ஏதும் கிடக்கா டொக்டர்?" என்று கேட்டார்.

"கிடக்கு. முதல்ல வாயத் திறங்க."

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயர் வருவதை அவர் விரும்பமாட்டார். வாகரைப் பக்கத்தில் பிறந்த பெண். காலையில் அரசாங்க வேலை, மாலையில் எங்கள் வீட்டு முன்னறையில் தனிப்பட்ட வைத்தியம். எங்கள் வீடு என்பது பேச்சுக்குத்தான். வீடு என் மனைவியுடையது. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண், கலியாணம் முடித்து அங்கே போய் இருப்பவன். நானும் அப்படி ஒரு தகரப்பெட்டியோடும் இரண்டு கட்டுப் புத்தகங்களோடும் கல்லடிப் பாலம் கடந்து வந்தவன்தான். முன்னறையை வாடகைக்குக் கொடுக்கும் முடிவையும் மனைவியே எடுத்தார். தைப்பூசத்துக்கு மறுநாள் கதிரையும் விளக்கும் வந்து இறங்கின. அறையை இரண்டாகப் பிரித்த பலகைத் தடுப்பு கூரை வரை எட்டவில்லை. விறாந்தையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கும் எனக்கு, கேட்க வேண்டாம் என்று நினைத்தாலும் எல்லாம் கேட்டது.

வலியோடு வருபவர்களிடம் அவர் அதிகம் பேசமாட்டார். பல்லை அழகாக்க வருபவர்களிடம் மட்டும் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். வெள்ளையாக்க வேண்டுமா, இடைவெளியை மூட வேண்டுமா, கோணல் பல்லுக்கு மேல் மெல்லிய ஓடு ஒட்ட வேண்டுமா, எதுவானாலும் கேட்பார்: "ஆர் கேட்டது?"

காத்தான்குடியிலிருந்து வந்த ஒருவரை நினைவிருக்கிறது. பல வருடம் கட்டாரில் இருந்துவிட்டு வந்து துணிக்கடை போட்டவர். பல் நிறங்களை வரிசையாகக் கோத்த அட்டையை டொக்டர் காட்ட, அவர் கடைசி வெள்ளையில் விரலை வைத்தார்.

"இது பீங்கான் கோப்பைட நிறம். மனிசருக்கு இப்படி இரிக்காது."

"கடைக்கு வாறவங்க தூரத்திலேயே காணணும் டொக்டர்."

"ஆர் கேட்டது? பொஞ்சாதியா?"

"அவ என்னைப் பாக்கிறதே இல்ல. அல்லாஹ்வுக்காகச் சொல்றன், நான்தான் கேக்கன். காலையில கண்ணாடியில பாத்துச் சிரிக்க ஆசை."

டொக்டர் சிரித்துவிட்டார். அட்டையில் இரண்டு படி இறக்கி, பொருத்தமான ஒரு வெள்ளைக்கு அவரைச் சம்மதிக்க வைத்து, வேலையைச் செய்து முடித்தார். அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கள் தெருவால் போகும்போதெல்லாம் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு போவார்.

எல்லாரிடமும் அப்படி முடியவில்லை. உன்னிச்சையிலிருந்து ஒரு தாய் மகளைக் கூட்டி வந்தார். மகளின் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு அரிசி நுழையும் இடைவெளி.

"ஆர் கேட்டது?"

"மாப்பிள்ள ஊட்டார்தான். அடுத்த மாசம் பாக்க வாறாங்க."

"அப்ப அவங்கள வந்து கதிரையில இரிக்கச் சொல்லுங்க அம்மா."

தாய் எழுந்து நின்று ஏசிய ஏச்சு வாவிக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். "பல்லுக் கட்டுறவவா நீ, இல்லாட்டிப் பரீட்சை வைக்கிறவவா?" என்று கேட்டுவிட்டு மகளை இழுத்துக்கொண்டு போனார். இடைவெளி உள்ள அந்தப் பெண் படியிறங்கும்போது டொக்டரைத் திரும்பிப் பார்த்தாள். நன்றியா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. இப்படி ஆட்களை விரட்டினால் முன்னறை எத்தனை நாளைக்கு ஓடும் என்று நான் மனைவியிடம் முணுமுணுத்தேன். "ஓடுமட்டும் ஓடட்டும்" என்றார் மனைவி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டொக்டரின் மேல்வரிசை முன்பல் ஒன்று மூலையில் உடைந்திருந்தது. பெரிய உடைவு இல்லை. சரிவாக, நகம் வெட்டியதைப் போல. முதல் நோயாளி வருமுன் முகக்கவசம் போட்டால் கடைசி ஆள் போனபிறகுதான் கழற்றுவார் என்பதால் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சும்மா விடவில்லை. "தன்ட பல்லைக் கட்டத் தெரியாதவ ஊராரின்ட பல்லைக் கட்டுறா" என்று எங்கள் விறாந்தையிலேயே ஒருவர் சொன்னார். உடைந்த பல்லை அதே நிறப் பசையால் கட்டியெழுப்புவது அவருக்கு ஒரு மாலை வேலை. ஒரு வாத்தியாரின் மகளுக்கு அப்படிக் கட்டியதை நானே பார்த்தேன். பிள்ளை பின்னேரம் வந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் முழுப்பல்லோடு போனாள்.

ஒருநாள் தேநீர் குடிக்கும்போது என் மனைவி நேரடியாகவே கேட்டார்.

"இது எப்படிப் புள்ள உடைஞ்ச?"

"கிணத்துக் கட்டுல விழுந்தன் அக்கா" என்றார் டொக்டர். சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையைத் தானே கழுவி வைத்தார். அவர் அதற்கு முன் ஒருநாளும் கோப்பை கழுவியதில்லை.

வைகாசியில் கண்ணகியம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குகள் முடிந்து, கச்சான் காற்று பிடித்திருந்த நேரம். மேற்கிலிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்றில் கதவும் யன்னலும் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருக்கும். மனிதருக்கும் பொறுமை குறைந்திருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் கரடியனாற்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவளுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். சேலைத் தலைப்பால் வாயை மூடியிருந்தாள். அவன் நன்றாக உடுத்தியிருந்தான். என்னைக் கண்டு கைகூப்பினான். மரியாதையான பிள்ளை என்று நினைத்தேன்.

வெளியே இருக்கும்படி டொக்டர் சொன்னதற்கு, "இல்ல டொக்டர், அவ பயந்தவ, நான் பக்கத்தில நிக்கணும்" என்று உள்ளேயே நின்றான்.

"என்ன நடந்த?"

"கிணத்துக் கட்டுல விழுந்திட்டா" என்றான்.

தடுப்புக்கு அப்பால் ஏதோ கருவி தட்டில் விழும் சத்தம் கேட்டது.

"ரெண்டு கையையும் விரிங்க மகள்."

விழுகிறவர் முகத்தைக் காக்கக் கையை ஊன்றுவார். அது நினைத்துச் செய்வதில்லை, உடம்பு செய்வது. அந்த மீனவரின் உள்ளங்கை சிராய்த்திருந்தது அதனால்தான். இந்தப் பெண்ணின் கைகளில் ஒரு கீறலும் இல்லை என்பதைப் பிற்பாடு டொக்டர் என் மனைவியிடம் சொன்னார். அதுவரை கைரேகைக் கதையைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அன்றைக்குப் பிறகு சிரிக்கவில்லை.

"ஆர் கேட்டது, இதைக் கட்டச் சொல்லி?"

"நான்தான் டொக்டர்" என்றான் அவன். "ஆவணி பிறந்த கையோட என்ட தங்கச்சிர கலியாணம். மாப்பிள்ளைத் தோழன் நான்தான். இவ ஆலாத்தி எடுக்கணும். வீடியோக்காரன் மூஞ்சிக்குள்ளதானே கமராவைக் கொண்டு வாறான். உடைஞ்ச பல்லோட நிண்டா சனம் என்ன கதைக்கும்?"

"நான் அவவிட்டக் கேட்டன்."

"அவர்தான்" என்றாள் அவள். அன்றைக்கு அவள் பேசியது அது மட்டுந்தான்.

உன்னிச்சைத் தாயை விரட்டிய மாதிரி இவனையும் விரட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடக்கவில்லை. "நரம்பு உசிரோட இரிக்கா எண்டு பாக்கணும். வீக்கம் வத்தணும். ஒவ்வொரு செவ்வாயும் கூட்டி வாங்க. கலியாணத்துக்குள்ள முடிச்சுத் தாறன்" என்றார். அடிபட்ட பல்லின் நரம்பைக் கவனிக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக ஒவ்வொரு கிழமையும் கதிரையில் ஏற்ற வேண்டியதில்லை.

அவர்கள் வந்தார்கள். ஒரு கிழமை கூர்முனையை மெல்லத் தேய்த்தார். ஒரு கிழமை படம் பிடித்தார். ஒரு கிழமை அச்செடுத்தார். ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் அதே கேள்வி. அவளிடமிருந்து அதே ஒரு சொல். கச்சான் சூட்டில் மற்றவர்கள் விசிறியோடு இருக்க, ஒரு செவ்வாய் அவள் மணிக்கட்டு வரை கைநீண்ட சட்டை போட்டு வந்தாள். தண்ணீர் கொடுக்கப் போன என் மனைவி அதைக் கண்டுவிட்டார். அவர்கள் போனதும் தடுப்புக்கு உள்ளே போய்ச் சண்டை பிடித்தார்.

"தெரிஞ்சுகொண்டு ஏன் புள்ள சும்மா இரிக்கீங்க? நீங்க பறையாட்டி நான் பறையிறன்."

"வேணாம் அக்கா. என்ட விசயத்தில பக்கத்து ஊட்டுக்காரி ஒருத்தி எனக்கு முந்திப் பறைஞ்சிட்டா. எல்லாரும் வந்து கேட்டாங்க. 'இல்ல, நான்தான் விழுந்தன்' எண்டு சொல்லிட்டன். சொன்ன சொல்லைக் காப்பாத்த மறுகா ரெண்டு வருசம் அதே ஊட்டுல இருந்தன். வாயத் திறக்கிறது அவவின்ட வேலை. நான் திறந்தா அது பல்லுப் புடுங்கிற மாதிரித்தான்."

"அதுக்குள்ள அவன் கொன்று போட்டானெண்டா?"

அந்தக் கேள்வி டொக்டரையும் உறங்கவிடவில்லை என்பது அடுத்த நாள்களில் அவர் முகத்தில் தெரிந்தது. செவ்வாய்க்கிழமைகளில் வந்ததும் வராததுமாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால்தான் கவசத்தைப் போடுவார்.

இந்தத் தாமதத்தால் நடந்த ஒரே நன்மை, அவனுக்கு அலுத்துப்போனதுதான். கருவிச் சத்தமும் மருந்து மணமும் பிடிக்காமல், அச்செடுத்த கிழமையிலிருந்து அவன் விறாந்தைக்கு வந்து என் பக்கத்தில் இருக்கத் தொடங்கினான். அன்றைக்குத்தான் உள்ளே வேறொரு கேள்வியும் கேட்டது.

"ஊடு ஆருட?"

"என்ட. அம்மா சீதனமாத் தந்த."

"ம்" என்றார் டொக்டர். அவ்வளவுதான். பிறகு அச்சுத் தட்டு அவள் வாயை அடைத்துவிட்டது.

விறாந்தையில் அவன் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டான்.

"ஐயா, நீங்க எல்லாத்துக்கும் திகதி வச்சிருக்கிற ஆள் எண்டு சொல்றாங்க. அந்த வாத்தியார்ர மகளுக்கு ஒரே நாளில கட்டினதாமே?"

உள்ளே உறிஞ்சு குழாயின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இல்ல மகன்" என்றேன். "அந்தப் பிள்ளைக்கு மாசிக்கு முன்னம் தொடங்கின. சித்திரை வருசத்துக்குக் கிட்டத்தான் முடிஞ்ச."

அவன் தலையாட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை.

கலியாணத்துக்கு முந்திய கடைசிச் செவ்வாய். அவளை இறக்கிவிட்டு, கலியாண உடுப்பு எடுக்கும் அலுவல் கிடக்கிறதென்று அவன் பாலத்தைத் தாண்டிப் போனான். காற்று அன்றைக்கு மிக மோசம். சவுக்கு மரங்களின் இரைச்சல் கடலின் இரைச்சலை மூடியது. டொக்டரின் கேள்வி எனக்குக் கேட்டது. அவளுடைய பதில் கேட்கவில்லை. சொன்னாளோ, சும்மா இருந்தாளோ. அதற்குள் மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது. நிறுத்துதாங்கியைக்கூடப் போடாமல் வேலியில் சாய்த்துவிட்டு அவன் படியேறினான்.

"பொய்க்காரக் கூட்டம்" என்றான் என்னைப் பார்த்து. "டவுனில ஒரு பல் டொக்டரிட்டக் கேட்டுட்டுத்தான் வாறன். ஒரு மணித்தியால வேலையாம்."

நான் எழும்பி வழியில் நின்றேன். அவன் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போனான். தடுப்புக் கதவு சுவரில் அடித்துத் திரும்பியது. நானும் மனைவியும் பின்னாலேயே ஓடினோம்.

"ஒழும்பு! போவம்!"

அவள் கதிரையில் சாய்ந்தபடி, கழுத்தில் துணி கட்டியிருக்க, கண்ணை மூடிக்கொண்டாள். டொக்டர் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தார். கதிரைக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றார். அவர் அவனுடைய நெஞ்சுயரந்தான்.

"எப்படி உடைஞ்ச எண்டு சொன்னீங்க தம்பி?"

"எத்தின தரம் சொல்ற? கிணத்துக் கட்டுல விழுந்தா."

டொக்டர் கவசத்தைக் கழற்றினார். அவனைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். மேலேயிருந்த விளக்கின் வெளிச்சம் நேராக அந்த உடைந்த மூலையில் விழுந்தது.

"எனக்கும் கிணத்துக் கட்டுதான்" என்றார்.

அவன் அந்தப் பல்லைப் பார்த்தான். பார்வையை எடுக்க முயன்று முடியாமல் மறுபடி பார்த்தான். யன்னல் அடித்துக்கொண்டது. யாரும் அதைச் சாத்தப் போகவில்லை. அவன் கை மெல்ல உயர்ந்தது. எதற்கென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அப்போதுதான் கதிரையிலிருந்து குரல் வந்தது. பஞ்சு அடைத்த வாயோடு பேசிய குரல்.

"எங்கட ஊட்டுல கிணத்துக்குக் கட்டு இல்ல."

அவள் பஞ்சை எடுத்து வெளியே போட்டுவிட்டு எழுந்து இருந்தாள்.

"எங்கட ஊட்டுல கிடக்கிறது குழாய்க் கிணறு. கைப்பம்பு. கட்டுக் கிணறு உங்கட அம்மா ஊட்டுலதான் கிடக்கு. நீங்க அங்கேயே போங்க."

கலியாணம் முடித்து எத்தனை வருடம் மனைவி வீட்டில் இருந்தாலும், பொய் சொல்ல ஒரு கிணறு தேவைப்பட்டபோது அவனுக்குத் தான் வளர்ந்த வீட்டுக் கிணறுதான் ஞாபகம் வந்திருக்கிறது. அத்தனை செவ்வாயும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள் அவள்.

"என்னடி சொன்ன நீ?"

அவன் ஓரடி முன்னால் வைத்தான். டொக்டர் நகரவில்லை. என் மனைவி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மகன், இது என்ட ஊடு. இஞ்ச சத்தம் போடேலா. கிறுகிப் பாராம இறங்குங்க."

அவன் எங்கள் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தான். சத்தம் கேட்டு அடுத்த வளவு ஆட்கள் இருவர் வேலிப் படலையடியில் வந்து நிற்பதையும் பார்த்தான். "ஊட்ட வா, உனக்குக் கிடக்கு" என்றான். சொன்ன பிறகு அந்த வீடு யாருடையது என்பது அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். படியிறங்கினான். மோட்டார் சைக்கிள் சத்தம் பாலத்துப் பக்கம் போய்க் காற்றோடு கலந்தது.

அவன் முதலில் போய் அவளுடைய வீட்டைப் பூட்டிவிடுவானோ, வழியில் மறிப்பானோ என்று எதையெல்லாமோ பேசினோம். அவள் எங்கள் தொலைபேசியில் தாய்மாமனைக் கூப்பிட்டாள். "மாமா, நான் விழல்ல" என்று தொடங்கினாள். அவர் மற்ற மருமக்களையும் ஏற்றிக்கொண்டு உழவு இயந்திரத்தில் வந்து சேரும்வரை டொக்டர் ஒரு நோயாளியையும் எடுக்கவில்லை. அவள் பக்கத்தில் சும்மா இருந்தார். அவனுடைய உடுப்புப் பெட்டி அன்றைக்கே அவனுடைய தாய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று அறிந்தோம். அவன் பிறகும் இரண்டொரு முறை அவள் வீட்டுப் படலையடிக்கு வந்து கத்தியிருக்கிறான். உள்ளே வரவில்லை.

ஆவணி பிறந்து அந்தக் கலியாணமும் நடந்தது. ஆலாத்தி யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

புரட்டாதியில் முதல் மழை பெய்த கிழமை, அவள் தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். தலைப்பால் வாயை மூடவில்லை. அது செவ்வாயும் அல்ல, ஒரு வெள்ளி.

"ஆர் கேட்டது?" என்ற குரல் தடுப்புக்கு மேலால் வந்தது.

"நான்."

"என்னத்துக்கு?"

"சோளம் கடிக்க ஏலாம கிடக்கு. மறுகா, சிரிக்கவும் வேணும்."

ஒரு மாலையில் வேலை முடிந்தது. எந்தப் பல் கட்டியது, எந்தப் பல் சொந்தம் என்று அவள் எங்களையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் பிழையான பல்லைக் காட்டினேன்.

அடுத்த வருடம் டொக்டருக்கு இடமாற்றம் வந்தது. கதிரையையும் விளக்கையும் லொறியில் ஏற்றிய காலை, கவசமில்லாமல் படலையடியில் நின்று விடைபெற்றார். என் மனைவி அவருடைய கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"போற இடத்திலயாவது அந்தப் பல்லைக் கட்டிப் போடுங்க புள்ள."

"ஆர் கேட்டது?"

"நான்தான் கேக்கன்."

"அப்ப ஏலாது அக்கா" என்று சொல்லிவிட்டு, லொறி புறப்படும்வரை வாயை மூடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.